டான்யூப் ஆத்துக் கப்பல்ல போறோம், ராத்திரி டின்னருக்கு என்னத்த கட்டிக்கிட்டு போறது?

புலாவ்தீக்குஸ்_அக்கா

வணக்கம் எல்லாருக்கும், மலேசியா பினாங்குலேர்ந்து எழுதுறேன். எங்களுக்கு கல்யாணமாகி 35 வருஷம் ஆகுதுன்னு லண்டன்ல வேலை பாக்குற மக அக்டோபருக்கு ஒரு ரிவர் குரூஸ் புக் பண்ணிட்டா. ஜெர்மனில பாசாவ்ல ஏறி வியன்னா, பிராத்திஸ்லாவா எல்லாம் பாத்துட்டு புடாபெஸ்ட்ல எறங்குறது, 7 ராத்திரி. பயணத்துக்கு பயம் இல்ல, துணிக்கு தான் பயம். கப்பல்காரங்க அனுப்புன பேப்பர்ல பகல்ல எப்டி வேணும்னாலும் இருங்க, ராத்திரி டின்னருக்கு எலகண்ட் கேஷுவல்னு போட்டிருக்கு, அப்பறம் கேப்டன் வரவேற்பு ஒரு நாள், பிரியாவிடை டின்னர் ஒரு நாள், இந்த ரெண்டுக்கும் இன்னும் கொஞ்சம் நல்லா உடுத்திக்கிட்டு வாங்கன்னு இருக்கு. எலகண்ட் கேஷுவல்னா என்ன லா அது? எனக்கு தெரிஞ்சது ரெண்டே ரெண்டு, ஒண்ணு கல்யாண வீட்டுக்கு போற துணி, இன்னொண்ணு பாசாருக்கு போற துணி.

அதே பேப்பர்ல ஜாக்கெட் போட்டா நல்லதுன்னு ஒரு வரி. நான் பாட்டுக்கு லிட்டில் இந்தியால வழக்கமா தைக்கிற டெய்லர்கிட்ட ரெண்டு பட்டுப் பொடவைக்கு ஜாக்கெட் தைக்க குடுத்துட்டு வந்து பெருமையா சொல்றேன், மக போன்ல விழுந்து விழுந்து சிரிக்கிறா, அம்மா அது அப்பாவுக்கு சொன்னது, கோட்டு மா கோட்டுன்னு. அவரு கோட்டுன்னாலே ஓடுறாரு. அவர்கிட்ட இருக்குற ஒரே கோட்டு எங்க ரிசெப்ஷனுக்கு தச்சது, இப்ப ஒரு கை தான் உள்ள போகும்.

பட்டு எடுத்துட்டு போலாமா, எத்தனை எடுக்கணும், கால்ல என்ன போடணும், குளிருக்கு மேல என்ன போட்டா அசிங்கமா தெரியாது, போயிட்டு வந்தவங்க யாராச்சும் சொல்லுங்க. பெட்டி ஆளுக்கு 25 கிலோ.


செராஸ்காரி

அக்கா நான் ரெண்டு வருஷம் முன்னாடி இதே ரூட்டு தான் போனேன், அக்டோபர் கடைசி. அஞ்சு பொடவை கொண்டுபோனேன், கட்டுனது ஒண்ணு. மீதி நாலும் ஐரோப்பாவ சுத்திப் பாத்துட்டு மடிப்பு கலையாம செராஸுக்கு திரும்பி வந்துச்சு.

ஏன்னு கேளுங்க. பகல் முழுக்க ஊர் சுத்த கூட்டிட்டு போவாங்க, மெல்க் மடாலம், டூர்ன்ஸ்டைன் அது இதுன்னு எல்லாம் கல்லு பதிச்ச ரோடு, மேடு பள்ளம், திரும்பி வர்றப்ப கால் கழண்டு விழுற மாதிரி இருக்கும். எங்க கப்பல்ல ஆறரைக்கு லவுஞ்சுல நாளைக்கு என்ன ப்ரோக்ராம்னு சொல்லுவாங்க, ஏழு மணிக்கு சாப்பாடு. அதுக்குள்ள ரெண்டு பேரு குளிக்கணும், நீங்க பொடவை கட்டணும். ரூம் எவ்ளோ பெருசுன்னு நெனைக்கிறீங்க? கட்டில் போக சுத்தி நடக்க ஒரு வழி, அவ்ளோ தான். நான் கொசுவம் வெக்க வீட்டுக்காரர பாத்ரூமுக்குள்ள போயி நிக்க சொன்னேன், அவரு உள்ளேர்ந்து முடிஞ்சிச்சா முடிஞ்சிச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

அதனால வேணாம்னு சொல்ல வரல. ஒண்ணு கண்டிப்பா எடுங்க, பிரியாவிடை டின்னருக்கு. ஆனா காஞ்சிபுரம் வேணாம், கனம், மடிச்சா மடிச்ச எடத்துல கோடு விழுந்துரும். மைசூர் சில்க், கிரேப், சாஃப்ட் சில்க் இந்த மாதிரி சுருட்டி வெச்சாலும் ஒதறுனா நேரா நிக்கிறது எடுங்க. கொசுவத்த இங்கயே மடிச்சு ஊக்கு குத்தி ஹேங்கரோட கொண்டுபோயிட்டா அஞ்சு நிமிஷத்துல கட்டிரலாம். நீங்க தைக்க குடுத்தீங்களே ஜாக்கெட்டு, போன் போட்டு கை நீளமா, கழுத்த கொஞ்சம் மேல ஏத்தி தைக்க சொல்லுங்க, ஏன்னு சொல்றேன்.

கடைசி ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் கப்பல புடாபெஸ்ட் நடுவுல மெதுவா ஓட்டுவாங்க. பார்லிமெண்ட் கட்டடம் மொத்தமும் லைட்டு போட்டு தங்கத்துல செஞ்சு தண்ணி மேல வெச்ச மாதிரி நிக்கும், செயின் பிரிட்ஜுக்கு அடியில போகும், எல்லாரும் போட்ட துணியோட மேல் டெக்குக்கு ஓடுவாங்க. அப்ப 7, 8 டிகிரி இருக்கும் அக்கா, ஆத்துக்காத்து வேற. நான் குட்டக்கை ஜாக்கெட்டும் ஷிஃபான் பொடவையுமா போயி நின்னேன், முந்தானை பக்கத்துல நின்ன வெள்ளக்காரர் மூஞ்சில போயி ஒட்டிக்கிச்சு, பல்லு தந்தி அடிக்குது, ஆனா கீழ எறங்க மனசு வரல. அவரு பொண்டாட்டி தான் தன்னோட சால்வையில பாதிய எனக்கு போத்திவிட்டாங்க. அதனால நல்ல கம்பளி சால்வை ஒண்ணு, பொடவைக்கும் பஞ்சாபி சூட்டுக்கும் பொருந்துற மாதிரி ஒரே கலர்ல, மெரூனோ கறுப்போ. உள்பாவாடைக்கு பதிலா யூனிக்லோ ஹீட்டெக் லெகிங்ஸ், அதான் குளிருக்கு உள்ள போடுறது, போட்டுக்குங்க, யாருக்கு தெரியப்போகுது.

மத்த ராத்திரிக்கெல்லாம் ரெண்டு பஞ்சாபி சூட் போதும், துப்பட்டாவ மாத்தி மாத்தி போடுங்க.

ஹை ஹீல்ஸ் வேணவே வேணாம். கரைக்கும் கப்பலுக்கும் நடுவுல போடுற பாலம் சல்லடை மாதிரி இரும்பு, ஓட்டைல ஹீல் மாட்டிக்கும், என்னோடது மாட்டி பின்னாடி இருவது பேரு நின்னாங்க. வியன்னா மாதிரி ஊர்ல எடம் இல்லாம ரெண்டு மூணு கப்பல பக்கத்து பக்கத்துல கட்டிருவாங்க, அடுத்த கப்பல் வழியா நடந்து தான் வெளிய போகணும். தட்டையா, கொஞ்சம் ஜிகினா வெச்ச சப்பாத்து (ஷூ) ஒண்ணு போதும்.


டாமான்சாரா_பொண்ணு

ஆன்ட்டி, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க, எதுக்கு பொடவைன்னு கேக்குறேன்? கறுப்பு சிலுவார் (பேண்ட்) ஒண்ணு, மூணு நல்ல மேல்சட்டை, ஒரு ஸ்கார்ஃப், முடிஞ்சிச்சு, கேபின் பேக்லயே அடங்கிரும். இது கடல்ல போற பெரிய கப்பல் இல்ல, அங்க தான் ஃபார்மல் நைட்டுன்னு கவுன், டை எல்லாம் போடுவாங்க. ஆத்துக் கப்பல்ல நூத்தி அறுவது, நூத்தி தொண்ணூறு பேரு தான், பாதி பேரு ரிட்டையர் ஆன ஆளுங்க, ஸ்வெட்டரோட தான் சாப்பிட வருவாங்க. அரைக்கால் சட்டை, ஜப்பான் சிலிப்பர் (ரப்பர் செருப்பு), கிழிஞ்ச ஜீன்ஸ், இந்த மூணும் இல்லன்னா ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. எல்லாரும் உங்களையே பாப்பாங்க பரவால்லன்னா கட்டுங்க.


செராஸ்காரி

பாக்கட்டுமே தங்கச்சி, அதுக்கு தானே கட்டுறது.


பத்துமலை_அண்ணன்

தங்கச்சி, வீட்டுக்காரர் விஷயத்த நான் பாத்துக்குறேன். கோட்டே வேணாம், நீளக்கை பாத்தேக், அதான் மெழுகு வெச்சு சாயம் ஏத்துன துணில தச்ச சட்டை. நம்ம நாட்டுல வியாழக்கிழமை ஆனா கவர்மெண்டு ஆபிஸே பாத்தேக்ல தானே வருது, ராத்திரி விருந்துக்கும் கோட்டு டைக்கு பதிலா நீளக்கை பாத்தேக் போட்டுட்டு போனா உள்ள விடுறாங்க, அப்பறம் என்ன வெக்கம். நான் போனது ரைன் ஆறு, பாசல்லேர்ந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும், கேப்டன் விருந்துக்கு சில்க் பாத்தேக் போட்டுட்டு போனேன். மத்தவங்க எல்லாம் நேவி புளூ கோட்டுல ஸ்கூல் பிரிஃபெக்ட் மாதிரி நிக்கிறாங்க, என்னைய மட்டும் நாலு பேரு நிறுத்தி இது கையில வரைஞ்சதான்னு தொட்டுப் பாத்தாங்க. மெழுகு எப்டி ஊத்துவாங்க, சாயம் எப்டி ஏத்துவாங்கன்னு எனக்கு தெரிஞ்ச அரைகுறைய சொல்லி சமாளிச்சேன்.

ஒரே ஒரு விஷயம், அச்சடிச்ச பாலியஸ்டர் பாத்தேக் வாங்கிறாதீங்க, கையில வரைஞ்சதோ பிளாக் வெச்சு அடிச்சதோ பாத்து வாங்குங்க, உள்துணி வெச்சு தச்சிருந்தா நேரா நிக்கும். வெல கூட தான், ஆனா தீபாவளிக்கும் போடலாம், கோட்ட எங்க போடுவாரு பினாங்கு வெயில்ல. உள்ள ஹீட்டெக் பனியன், கீழ கறுப்பு சிலுவார், கறுப்பு தோல் சப்பாத்து. புதுசா வாங்குனா இப்பவே ஒரு மாசம் போட்டு நடக்க சொல்லுங்க, நான் பண்ணல, கொலோன்ல குதிகால் ரெண்டும் கொப்புளம், அப்பறம் ஸ்போர்ட்ஸ் சப்பாத்தோட தான் டின்னருக்கு போனேன், பாத்தேக்குக்கு கீழ.

குளிர் கோட்டுக்கு காசு கொட்டாதீங்க. பண்டல் கடைல, அதான் பழைய துணி விக்கிற கடைல, நல்ல கம்பளி ஓவர்கோட்டு அம்பது வெள்ளிக்கு (ரிங்கிட்) கெடைக்கும், நேரம் ஒதுக்கி தேடணும். டிரை கிளீன் பண்ணிட்டு போட்டா அம்சமா இருக்கும்.


கப்பல்_தம்பி

அக்கா, நான் இப்ப கோலாலம்பூர்ல இருக்கேன், முன்னாடி ரெண்டு சீசன் டான்யூப்ல கேபின் ஸ்டுவர்டா இருந்தேன். துணி பத்தி மேல சொன்னதெல்லாம் சரி, நான் துணிய சுத்தி இருக்குற விஷயம் மட்டும் சொல்றேன்.

அயர்ன் பாக்ஸ் கொண்டுவராதீங்க. ரூம்ல அயர்ன் கூடாது, தீ பயம், கண்ணுல பட்டா எடுத்து வெச்சிருவோம். லாண்டரில குடுத்தா தேய்ச்சு தருவாங்க, காசு. இல்லன்னா குளிக்கிறப்ப பொடவைய பாத்ரூம் கதவுல தொங்கவிட்டா ஆவில முக்கால்வாசி சுருக்கம் போயிரும். ஹேர் டிரையர் ரூம்லயே இருக்கும். முடி நேராக்குற மெஷினுக்கு ரெண்டு உருண்டை முள்ளு அடாப்டர் வேணும், நம்ம மூணு கட்டை முள்ளு அங்க போகாது. வோல்டேஜ் 230, நம்ம ஊரு சாமான் ஓடும்.

ரூம் ஏன் சின்னதுன்னா கப்பல் 135 மீட்டர் வரைக்கும் நீளம் இருந்தாலும் அகலம் 11.4 மீட்டர் தான். ஜெர்மனில மைன் ஆத்துப் பக்கம் லாக் (கப்பல ஏத்தி எறக்குற தண்ணித் தொட்டி) 12 மீட்டர் தான் அகலம், அதுக்குள்ள நொழையணும்ல. அதனால பெரிய கட்டிப் பெட்டி வேணாம், கட்டிலுக்கு அடியில தள்ளுற மாதிரி கொண்டாங்க.

கவனமா கேளுங்க, ஆத்துல தண்ணி கூடுனாலும் கொறஞ்சாலும் கப்பல் நிக்கும். 2022 கோடைல வத்திப்போச்சு, 2024 செப்டம்பர்ல ஆஸ்திரியால வெள்ளம். அப்ப பயணிங்கள பஸ்ல ஏத்தி வேற கப்பலுக்கு மாத்துவாங்க, அர மணி நேரத்துல பெட்டி கட்டுங்கன்னு சொல்லுவாங்க. கொஞ்சமா கொண்டாந்தவங்க சிரிச்சிக்கிட்டே எறங்குவாங்க, மத்தவங்க பெட்டி மேல ஏறி உக்காந்து ஜிப் போடுவாங்க, நானும் கூட உக்காந்திருக்கேன்.

கேப்டன் வரவேற்பு பெரும்பாலும் முத ராத்திரி இல்லன்னா ரெண்டாவது ராத்திரி. அந்த துணிய கையில கொண்டுபோற பேக்லயே வைங்க. பெட்டி வேற ஊருக்கு போயி மூணு நாள் கழிச்சு வந்த கேஸ் நெறைய பாத்துட்டேன், கப்பல் வேற நகந்துக்கிட்டே இருக்கும், பெட்டி பின்னாடியே துரத்திட்டு வரணும். தங்கத்த வீட்டுல வெச்சிட்டு கவரிங் போட்டுட்டு வாங்க, ரூம்ல சின்ன லாக்கர் இருக்கும், பாஸ்போர்ட்டுக்கும் காசுக்கும் அது போதும்.

வியன்னால ராத்திரி கச்சேரிக்கு டிக்கட் எடுத்தீங்கன்னா, உள்ள போறதுக்கு முன்னாடி கோட்ட கழட்டி குடுக்க சொல்லுவாங்க, சில்லறை யூரோ வெச்சிக்குங்க. கோட்டுக்கு உள்ள என்ன போட்டிருக்கோம்னு அங்க தான் வெளிய தெரியும், பழைய டீ சட்டையோட போயிறாதீங்க.

சாப்பாட்டுக்கு சம்பல் பாட்டில் கொண்டுவரலாம், ஆனா இறைச்சி செருண்டிங் (தேங்காய் போட்டு வறுத்த இறைச்சித் தூள்) வேணாம், ஐரோப்பாக்குள்ள இறைச்சியும் பால் சாமானும் வெளியேர்ந்து கொண்டுவர விட மாட்டாங்க.


புலாவ்தீக்குஸ்_அக்கா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒரு வாரமா இத படிச்சு படிச்சு தான் பெட்டி கட்டுறேன். டெய்லருக்கு போன் போட்டேன், ஒரு ஜாக்கெட்ட வெட்டிட்டாராம், இன்னொண்ணு நீளக்கையா தைக்கிறாரு. பட்டு ரெண்டையும் பீரோல வெச்சிட்டேன், அந்த ஜாக்கெட்டுக்கு தோதா ஒரு மைசூர் சில்க், ரெண்டு பஞ்சாபி சூட். டாமான்சாரா பொண்ணு சொன்ன கறுப்பு சிலுவாரும் ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன் மா, கால் வலிச்சா அன்னிக்கி அது தான்.

பத்துமலை அண்ணே, உங்க பேச்ச கேட்டு இவரு நீலத்துல ஒரு பாத்தேக் வாங்கிட்டாரு, அத வீட்டுல போட்டு கண்ணாடி முன்னாடி நின்னு நின்னு பாக்குறாரு, கூடவே தோல் சப்பாத்தும் போட்டுட்டு காலைல கர்னி கடலோரம் நடக்க போறாரு, கூட நடக்குறவங்க எல்லாம் என்ன விசேஷம்னு கேக்குறாங்களாம்.

தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்க மறந்துட்டேன், கட்டிலுக்கு அடியில எத்தனை இன்ச்சு இடைவெளி இருக்கும்? பெட்டி இன்னும் வாங்கல.