ஊர்காவற்றுறைக்கு ஏன் கிட்டத்தட்ட பூச்சியம்? போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் தொகுதிகளின் கச்சிதம்

கோண்டாவில்_குறோட்டன் கேட்டது:

வணக்கம். கம்பஸ் இறுதியாண்டு புரொஜெக்டுக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 தொகுதிகளும் (கிளிநொச்சியும் சேர்த்துத்தான்) எவ்வளவு கச்சிதமான வடிவில் இருக்கின்றன என்று பார்க்கிறேன். எடுத்தது போல்ஸ்பி-பாப்பர் சூத்திரம். 4 × பை × பரப்பளவு, அதைச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுக்கவேண்டும். வட்டம் என்றால் 1, சதுரம் என்றால் 0.785, வால் நீள நீள பூச்சியத்தை நோக்கி இறங்கும்.

போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் (வரைபடங்களைக் கையாளும் தரவுத்தள மென்பொருள்) கிராம சேவகர் பிரிவுகளை (மிகச் சிறிய நிர்வாகப் பிரிவுகள்) ஏற்றி, தொகுதிவாரியாக எஸ்டி_யூனியனால் ஒன்றாக்கி, அதற்கு மேல் எஸ்டி_ஏரியாவால் பரப்பளவும் எஸ்டி_பெரிமீட்டரால் சுற்றளவும் எடுத்தேன். குவெரி எரர் இல்லாமல் ஓடுகிறது. ஊர்காவற்றுறைக்குக் கிட்டத்தட்ட பூச்சியம் வருகிறது, சரி, தீவுகள்தானே என்று விட்டேன். ஆனால் இதே குவெரியை உள்ளூராட்சி வட்டாரங்களுக்கு ஓட்டினால், கடலே படாத ஒரு வட்டாரம், பார்வைக்கு ஏறக்குறைய சதுரம், அதற்கும் 0.2 என்கிறது. டேட்டா 4326 என்ற ஆள்கூற்று முறையில், அதாவது பாகையில் இருக்கிறது. அதுதான் பிழையா?

சுன்னாகம்_சந்தி:

பாகையில் பரப்பளவு எடுக்கக்கூடாது, முதலில் எஸ்டி_டிரான்ஸ்ஃபோர்ம் போட்டு மீட்டரில் அளக்கிற 5235க்கோ (இலங்கை கிரிட் 1999) யூடிஎம் 44 வடக்குக்கோ மாற்றிவிடுங்கள் தம்பி. ஆனால் உங்கள் 0.2க்குக் காரணம் அது இல்லை. இந்தச் சூத்திரத்தில் அலகு வெட்டுப்பட்டுப் போய்விடும், நாங்கள் இருக்கிற 9.7 பாகை வடக்கில் நெட்டாங்கு ஒரு பாகைக்கும் அகலாங்கு ஒரு பாகைக்கும் உள்ள நீள வித்தியாசம் ஒரு வீதம்கூட வராது. பொஸ்டனில் என்றால் கால்வாசி வித்தியாசம், அங்கே கணக்கு உதைக்கும்.

ஓட்டைகளைத் தேடுங்கள். பக்கத்துப் பக்கத்துப் பிரிவுகளின் எல்லைக்கோடு அந்த ஃபைல்களில் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது, அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று மயிரிழை இடைவெளி கிடக்கும். யூனியன் அதை மூடாது. எஸ்டி_பெரிமீட்டர் உள்வளையங்களையும் (ஓட்டைகளின் கரைகளையும்) கூட்டித்தான் சொல்லும். கணக்கைப் பாருங்கள்: பக்கம் 1 உள்ள சதுர வட்டாரம், அதில் நான்கு பிரிவுகள், நடுவே சிலுவை மாதிரி இரண்டு எல்லைக்கோடு. வெளிச் சுற்றளவு 4. சிலுவை முழுக்க இடைவெளி என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் இரண்டு கரை, அது இன்னொரு 4. மொத்தம் 8. இப்போது 4 × பை ÷ 64 போட்டால் 0.196. உங்கள் 0.2 அங்கேதான் இருக்கிறது.

எஸ்டி_பஃபரால் ஒரு மீட்டர் ஊதிவிட்டு அதே ஒரு மீட்டர் சுருக்குங்கள், இரண்டு மீட்டர் வரையான இடைவெளி மூடிக்கொள்ளும். போஸ்ட்ஜிஐஎஸ் 3.4 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு என்றால் எஸ்டி_கவரேஜ்இன்வலிட்எட்ஜஸ் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்று காட்டித் தரும்.

வல்லைவெளி_அக்கா:

ஓட்டை விஷயம் சரி. ஆனால் ஊர்காவற்றுறையை “தீவுகள்தானே” என்று விட்டுவிடாதையுங்கோ தம்பி, உங்கள் புரொஜெக்டின் முக்கியமான இடமே அதுதான். கச்சிதம் பார்ப்பது எதற்கு? எல்லை போட்டவர் தன் வசதிக்குக் கோட்டை வளைத்தாரா என்று அறிய. கடற்கரையை ஆரும் வளைக்கவில்லை. எங்கள் தொகுதிகளில் சுற்றளவின் பெரும்பங்கு கடலும் கடனீரேரியும், அதுவும் 1:50,000 வரைபடத்தில் ஒரு நீளம், 1:10,000இல் அதைவிடக் கூட. எந்த வரைபடம் என்பதைப் பொறுத்துப் புள்ளி மாறினால் அது என்ன அளவு?

1961இல் வந்த ரியொக் அளவு, தொகுதியை அடக்கும் மிகச் சிறிய வட்டத்தோடு ஒப்பிடுவது, நெளிவுக்கு அசையாது, ஆனால் நெடுந்தீவையும் வேலணையையும் ஒரே வட்டத்துக்குள் அடக்கினால் உள்ளே முக்கால்வாசி கடல்தான். கொன்வெக்ஸ் ஹல் (தொகுதியைச் சுற்றி இறப்பர் வளையம் இறுக்கினாற்போல வரும் எல்லை) எடுத்து அதைத் தரைப் பொலிகனோடு எஸ்டி_இன்டர்செக்ஷன் செய்து, தொகுதியின் பரப்பளவை அதற்குள் இருக்கிற தரையின் பரப்பளவால் மட்டும் வகுத்தால் கொஞ்சம் நியாயம்.

நானென்றால் வடிவத்தையே விட்டுவிட்டு, அடுத்தடுத்த கிராம சேவகர் பிரிவுச் சோடிகளில் எத்தனை வேறு வேறு தொகுதிக்குப் போய்விட்டன என்று எண்ணுவேன். வெட்டுப்பட்ட சோடி குறைந்தால் கச்சிதம். கடற்கரை எவ்வளவு நெளிந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. இரண்டு கவனம். எஸ்டி_டச்சஸ் ஒரு மூலைப் புள்ளியில் முட்டுவதையும் தொடுகை என்றே சொல்லும், பொது எல்லையின் நீளம் பூச்சியத்துக்கு மேல் என்று நிபந்தனை போடுங்கோ. அடுத்தது, பண்ணைப் பாலமும் வேலணை-புங்குடுதீவு பாலமும் பொலிகனில் இல்லை. அவற்றைத் தனி டேபிளில் கையால் சேர்க்கவேண்டும்.

நெல்லியடி_புளியமரம்:

எல்லாம் நல்லது, ஆனால் தொகுதி வடிவத்தால் இங்கே ஓர் ஆசனமும் மாறாது. 1989இலிருந்து பாராளுமன்றத் தேர்தல் மாவட்ட விகிதாசாரத்தில் நடக்கிறது, 2024இல் மாவட்டம் முழுவதற்கும் 6 ஆசனம், தொகுதி என்பது வாக்கை எண்ணிப் பிரித்துச் சொல்வதற்குத்தான். 2018 தொடக்கம் உள்ளூராட்சியில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். எல்லைக்கு வேலை இருப்பது அங்கே. புரொஜெக்டை வட்டாரத்துக்கு மாற்றிவிடுங்கள், தொகுதியை ஒரு அத்தியாயமாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், குறைந்த புள்ளி என்றாலே களவு என்று எழுதிவிடாதீர்கள். சிக்காகோவில் இலினோய் 4ஆம் தொகுதி காதுமூடி மாதிரி இருந்தது, 1990 கணக்கெடுப்புக்குப் பிறகு லத்தீனோ மக்கள் வாழும் இரண்டு பகுதிகளை இணைக்கவென்றே அப்படி வரைந்தார்கள். மறுபக்கம், நேர்த்தியான சதுரங்களாலும் ஒரு சமூகத்தை நான்காக உடைத்துவிடலாம். புள்ளியைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லமுடியாது, அதே பிரதேசத்துக்கு வேறு மாதிரி எல்லை போட்டுப் பார்த்து ஒப்பிடவேண்டும்.

கோண்டாவில்_குறோட்டன்:

ஊதிச் சுருக்கியதும் அந்த வட்டாரம் 0.7க்கு மேல் வந்துவிட்டது, நன்றி அண்ணை. வட்டாரத்துக்கே மாறுகிறேன். அக்கா, பாலம் சரி, குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு, நெடுந்தீவு போகிற படகை இணைப்பாக எடுக்கலாமா?

வல்லைவெளி_அக்கா:

எடுக்கத்தான் வேணும். விட்டால் நெடுந்தீவு தனிக்கட்டையாக நிற்கும், தொகுதி துண்டுபடாமல் இருக்கிறதா என்று பார்க்கிற குவெரியில் ஊர்காவற்றுறை விழுந்துவிடும். அந்த டேபிளில் வகை என்று ஒரு கொலம் வைத்து பாலம், படகு என்று பிரித்துவிட்டு இரண்டு விதமாகவும் ஓட்டுங்கோ. காற்று பெலத்த நாளில் படகு ஓடாது என்பதையும் கணக்கில் சேர்க்கப் போகாதையுங்கோ, அது வேறு புரொஜெக்ட்.