ஐசிஎல் (பவருக்காகக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ்) வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருக்கீங்களா?

பெங்களூரு சொந்தங்களுக்கு வணக்கம். அல்சூரில் இருக்கிறேன், வயது 27. பவர் வலது மைனஸ் 9, இடது மைனஸ் 8.5. காலையில் தலையணைக்கு அடியில் துழாவித்தான் கண்ணாடியைக் கண்டுபிடிக்கணும். போன மாதம் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

லேசிக் (லேசரால் பவரைச் சரிசெய்வது) செய்யலாம் என்று போனால், கார்னியா, அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலம், 470 மைக்ரான் தடிமன்தான், சராசரியே 540 வாக்கில் இருக்கும், இந்தப் பவருக்குச் செதுக்கினால் மிச்சம் போதாது என்று அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குச் சொன்னது ஐசிஎல். ஐரிஸுக்கு (கண்ணின் நிறமுள்ள வளையம்) பின்னால், நம் சொந்த லென்ஸுக்கு முன்னால், ஒரு மெல்லிய லென்ஸை மடித்து உள்ளே வைப்பார்கள். கார்னியாவைச் செதுக்குவதில்லை, தேவைப்பட்டால் வெளியே எடுக்கவும் முடியும். அதுதான் எனக்குப் பிடித்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி அந்தக் கண்ணாடியைக் கழட்டுடி" என்று நச்சரித்த அம்மாவே இப்போது "கண்ணுக்குள்ள லென்ஸா!" என்று அலறுகிறார்.

செய்துகொண்டவர்களிடம் கேட்பது: ராத்திரி ஓசூர் ரோட்டில் வண்டி ஓட்டும்போது எதிர் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா? பழகிவிடுமா? வைக்கும் லென்ஸின் அளவு பெரிதாகிவிட்டால் கண் அழுத்தம், சிறிதானால் கண்புரை வரலாம் என்கிறார்களே, யாருக்காவது லென்ஸை மாற்ற வேண்டி வந்ததா?

இன்னொன்று, பணம். என் மெடிக்ளெய்ம் பாலிசியில் 7.5க்குக் குறைவான பவருக்குத்தான் கிளெய்ம் கிடையாது என்று போட்டிருக்கிறது. எனக்கு அதைவிட அதிகம். ஆனால் ஏஜென்ட் மழுப்புகிறார். கிளெய்ம் வாங்கியவர்கள் என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள்? இன்பாக்ஸில் சொன்னாலும் சரி. அடுத்த வாரம் அளவெடுக்கப் போகணும்.