பி.டெக். தகவல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (விரிவுரையாளர், கடலூர்):
வணக்கம். எங்கள் தன்னாட்சிக் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பப் படிப்பின் பாடத்திட்டத்தைத் திருத்தும் பணி நடைபெறுகிறது. இப்போதுள்ள திட்டத்தைக் கணினி அறிவியல் படிப்புடன் ஒப்பிட்டால், சில தாள்களைத் தவிர வேறுபாடு இல்லை. செயற்கை நுண்ணறிவுத் தாள்களைச் சேர்த்தால் போதும் என்று குழுவில் சிலர் கருதுகிறார்கள்; இப்படிப்பு தனியே இருப்பதற்கான காரணத்தையே முதலில் தெளிவாக்க வேண்டும் என்பது என் எண்ணம். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 (பேராசிரியர், புதுச்சேரி):
தாள்களின் பட்டியலிலிருந்து தொடங்காதீர்கள். கணினித் துறையினரின் சர்வதேச அமைப்புகளான ஏ.சி.எம்.மும் ஐ.இ.இ.இ. கணினிச் சங்கமும் தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்புக்காக வெளியிட்ட ஐ.டி.2017 பாடத்திட்ட வழிகாட்டி, அறிவு, திறன், மனப்பாங்கு ஆகிய மூன்றும் சேர்ந்ததையே தகுதி என்று கொண்டு, பட்டதாரி எதைச் செய்ய வல்லவராக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. தரவுத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளியக்கத்தைக் கட்டமைப்பது கணினி அறிவியல் மாணவரின் துறை. நம் மாணவரோ ஒரு நிறுவனத்தின் தரவைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு இழப்பின்றி மாற்றி, யார் எதைப் பார்க்கலாம் என்று உரிமை வகுத்து, அதைப் பயன்படுத்தும் எழுத்தர் தடுமாறாதபடி திரையையும் அமைத்துத் தர வேண்டும். ஆகவே தொகுப்பி (நிரலைக் கணினி இயக்கும் மொழிக்கு மாற்றும் மென்பொருள்) வடிவமைப்பை விருப்பப் பாடமாக்கி, கணினி அமைப்பு நிர்வாகத்தைக் கட்டாயமாக்குவதே என் பரிந்துரை.

மறுமொழி 2 (கணினி அமைப்பு நிர்வாகி, கடலூர்):
பேராசிரியர் கூறியதோடு, பேரிடரில் கணினிகள் முடங்கினாலும் தரவையும் சேவையையும் மீட்டெடுக்கும் பேரிடர் மீட்பையும் சேர்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததை நாம் மறக்க இயலாது. காப்புநகல் எடுப்பதைப் பலரும் கற்பிக்கிறார்கள். அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்து, எவ்வளவு நேரம் ஆயிற்று, எவ்வளவு தரவு விடுபட்டது என்று அளந்து காட்டுமாறு செய்முறைத் தேர்வில் கேட்பதில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டம், பட்டப்படிப்புக்கு மொத்தம் 160 கிரெடிட் (பாடங்களுக்கான மதிப்பு அலகு) என்கிறது. இரண்டு மணி நேர ஆய்வகத்திற்கு ஒரு கிரெடிட்தான் என்பதால், செய்முறையைக் கூட்டினால் கால அட்டவணை நிரம்பிவிடுகிறது. கணிதத்தைக் குறைக்கலாமா?

மறுமொழி 3 (பேராசிரியர், புதுச்சேரி):
கூடாது. தனிநிலைக் கணிதமும் (டிஸ்கிரீட் மேத்தமேடிக்ஸ்) புள்ளியியலும் இல்லாமல் நீங்கள் சேர்க்க விரும்பும் செயற்கை நுண்ணறிவுத் தாள் வெறும் கருவிப் பயிற்சியாகிவிடும். தனித்தனியாக நடக்கும் வலையமைப்பு, தரவுத்தளம், பாதுகாப்பு ஆய்வகங்களை ஒன்றிணைத்து, மூன்றாம் ஆண்டு முழுவதும் மாணவர் குழு ஒரே சேவையை நிறுவி இயக்குமாறு அமையுங்கள். நேரம் அங்கே கிடைக்கும்.