ஓவர்ஹெட் பிரஸ் 30 கிலோலயே நிக்குது, வெயிட் ஏத்தணுமா ரெப்ஸ் ஏத்தணுமா?

அம்மாபேட்டை_தறி
ஏழு மாசமா ஜிம் போறேனுங்க, வாரம் மூணு நாள். ஸ்குவாட் வெறும் பார்ல ஆரம்பிச்சு இப்ப 80 கிலோ, தொடர்ந்து அஞ்சு தடவை, அதாவது அஞ்சு ரெப்ஸ், மூணு செட் வருது. பாரை தோள்லருந்து தலைக்கு மேல தள்ளற ஓவர்ஹெட் பிரஸ் மட்டும் ரெண்டு மாசமா 30லயே நிக்குது. 35 போட்டா ரெண்டாவது ரெப்ல பார் நெத்திகிட்ட நின்னுருது, முதுகு வில்லு மாதிரி வளையுது. மாஸ்டர் "வெயிட் ஏத்துனாதான்டா உடம்பு ஏறும், பயப்படாத"ங்கறாரு. என்ன பண்றதுங்க?

லீபஜார்_காளை
மாஸ்டர் சொல்றது சரி தம்பி. எங்கப்பா லீ பஜார்ல 25 வருஷம் மூட்டை தூக்குனவரு, 50 கிலோ மூட்டைய நாலு நாலு கிலோவா பிரிச்சு யாரும் குடுக்கல. பாரத்தை தோள்ல வாங்குனாதான் தோளுக்கு பழகும். ரெப்ஸ் பழுக்கட்டும்னு காத்திருந்த பசங்க மூணு வருஷமா அதே டம்பெல்ல கிடக்கறத நானே பாக்கறேன். 35ஐ ரெண்டு ரெப்ஸா அஞ்சு செட் போடு, தன்னால மூணாகும்.

ஏற்காடு_கொண்டைஊசி
அண்ணா, உங்கப்பா மேல மரியாதை வெச்சே சொல்றேன், அந்த மூட்டை முதல் நாளும் 50, 25 வருஷம் கழிச்சும் 50. தாங்க முடியாதவங்க முதல் வாரமே வேலைய விட்டு போயிருப்பாங்க, தாங்குனவங்கதான் நம்ம கண்ணுக்கு தெரியறாங்க. அது வேலை, டிரெய்னிங் இல்லீங்க.

தம்பி, உங்க ஜிம்ல சின்ன பிளேட்டே 2.5தானே, ரெண்டு பக்கமும் மாட்டுனா 5. 30க்கு 5ங்கறது ஆறுல ஒரு பங்கு. அதே பங்கு ஸ்குவாட்ல ஏத்தணும்னா 80லருந்து ஒரே நாள்ல 93க்கு போகணும், போவியா? தோள் தொடைய விட சின்ன தசை, அதுக்கு போய் பெரிய படி வெக்கறோம். 30லயே மூணு செட்டும் எட்டு ரெப்ஸ் வரட்டும், அப்பறம் 35 தொடு. 1940கள்ல அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரில டாக்டர் தாமஸ் டிலார்ம் அடிபட்ட சிப்பாய்ங்களுக்கு இப்படித்தான் செஞ்சாரு, பத்து தடவை தூக்க முடியற எடைய கண்டுபிடிச்சு, பலம் ஏற ஏற அந்த எடைய ஏத்திட்டே போனாரு.

நான் அவசரப்பட்டு வளைஞ்ச முதுகோடவே 45 தள்ளி, இடுப்பு புடிச்சு ரெண்டு மாசம் வீட்டுல கிடந்தேன், செருப்பு மாட்டக்கூட குனிய முடியல. அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

லீபஜார்_காளை
வளைஞ்சா நிறுத்துன்னுதான் நானும் சொல்வேன். ஆனா எட்டு ரெப்ஸ் போட்டா தம் வளரும், கனமான பாரை தள்ளற பழக்கம் அதுல வராது. 35ஐ கை அறியணும்னா 35ஐ தூக்கித்தான் ஆகணும்.

செவ்வாப்பேட்டை_அக்கா
ரெண்டு பேரும் பிளேட்ட மறந்துட்டீங்க. எனக்கு வெறும் பார் 20 கிலோவுக்கே அஞ்சு ரெப்ஸ் வர நாலு மாசம் ஆச்சு, அடுத்தது 25ன்னா கால்வாசி ஏத்தம், எந்த பொம்பளையால முடியும்? லேத் பட்டறைல இரும்பு வட்டம் வெட்டி வாங்குனேன், ஒண்ணு 600 கிராம்னு சொன்னேன், மளிகைக்கடை தராசுல வெச்சா ஒண்ணு 610, இன்னொண்ணு 590, அந்த வித்தியாசம் கைக்கு தெரியல. ரெண்டு ஜோடி இருந்தா போதும். பார் முனை 50 மில்லி, அதனால ஓட்டை 52 போடச் சொல்லுங்க, ஓரத்து பிசிற கண்டிப்பா தேய்க்கச் சொல்லுங்க, எனக்கு உள்ளங்கை கிழிஞ்சுது.

அம்மாபேட்டை_தறி
மூணு வாரம் ஆச்சு, சொல்லிட்டு போலாம்னு வந்தேன். அக்கா சொன்ன மாதிரி ரெண்டு ஜோடி வெட்டிட்டேன். 31.2 அஞ்சஞ்சு மூணு செட் முடிஞ்சு நேத்து 32.4ம் வந்துருச்சு. கடைசி ரெப்ப ஃபிரண்டு பக்கவாட்டுல வீடியோ எடுத்தான், முதுகு நேரா இருந்துச்சு.

லீபஜார்_காளை
சந்தோசம் தம்பி. 32.4 வந்தா 35 கைக்கு வந்தாச்சு, அடுத்த கிளாஸ்ல நேரா போடு.

ஏற்காடு_கொண்டைஊசி
வேண்டாம் தம்பி, அதே 32.4ஐ இன்னும் ஒரு வாரம் போடு.