புதுப்பிப்பு: டெல்லிப் புகைக்கு வீட்டுச்செடிகள், கடைசியில் எது பலன் தந்தது

மயூர் விகார் வீட்டில் ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் வைத்தால் நவம்பர் புகை குறையுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செடிகளால் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் மிக நுண்ணிய தூசு) அளக்கும் மீட்டர் அசையவே இல்லை. வீட்டுச்செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொன்ன நாசாவின் 1989 ஆய்வு மூடிய பெட்டிக்குள் நடந்தது என்று ஒரு அண்ணன் எழுதியது சரிதான்: 2019-இல் வந்த மறுஆய்வின்படி, வழக்கமான காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1000 செடிகள் வேண்டுமாம், அதுவும் வாயுக்களுக்குத்தான், தூசுக்கு இல்லை.

வேலை செய்தது அக்கா ஒருவர் சொன்ன வழி, அதாவது கதவிடுக்கை அடைத்துவிட்டு நுண்தூசைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள ஏர் ப்யூரிஃபையரைப் படுக்கையறையில் மட்டும் ஓட்டுவது.

எதிர்பாராதது ஒன்று: எல்லாம் மூடியதும் ஈரத்தொட்டிகளில் பூஞ்சை வாடை கிளம்பி அம்மாவுக்கு இருமல் கூடியது, தொட்டிகளைப் பால்கனிக்கு மாற்றிய அப்புறம் குறைந்தது.