புதுப்பிப்பு: வைல்டர் ராஞ்ச் கடலோரப் பாதைக்குப் போய் வந்தோம்

கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பக்கம் எட்டு வயதுப் பையன் சைக்கிள் ஓட்டுகிற மாதிரி மேடு பள்ளம் இல்லாத கடலோரப் பாதை உண்டா என்று போன வாரம் கேட்டிருந்தேன், நீங்கள் சொன்ன, வைல்டர் ராஞ்ச் பூங்காவில் இருக்கிற ஓல்ட் கோவ் லேண்டிங் பாதைக்கே ஞாயிறன்று போனோம். கிட்டத்தட்ட சமதளம்தான். ஒரு காலத்தில் அலை அரித்த கடலடித் தரை, நிலம் உயர உயர மேலே வந்து படித்தளமாக நிற்கிறது, அதன் மேல்தான் நாம் மிதிக்கிறோம். ஒரு பக்கம் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரௌட் (குட்டி முட்டைக்கோஸ் மாதிரி ஒரு காய்) வயல், மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் சேற்றுப்பாறை, அதாவது சேறு இறுகி உண்டான பாறை.

கீழே பாறைத் திட்டில் சீல்கள். மகன் கல் என்று நினைத்த ஒன்று தலையைத் தூக்கிக் கொட்டாவி விட்டது, அப்புறம் அவனை நகர்த்தவே முடியவில்லை! பெரணிக் குகையையும் விடாதீர்கள், உள்ளே ஊற்றுநீர் சொட்டச் சொட்ட பெரணிச் செடிகள் கூரையிலிருந்து தொங்குகின்றன.

வைல்டர் கடற்கரையில் மட்டும் இறங்க முடியாது, உப்புக்கொத்தி என்ற சின்னக் கரையோரப் பறவைகள் மணலில் கூடு வைக்கும் இடம். நாயைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டவருக்கு: அனுமதி இல்லை.

திரும்பும்போது எதிர்காற்று, கடைசிக் கொஞ்ச தூரம் அவன் சைக்கிளை நான்தான் தள்ளினேன்.