ஜூனில் கரேரி ஏரி: மழை என்றால் போவதா, தள்ளிப்போடுவதா?

நடைவண்டி:
ஜூன் இரண்டாவது வாரம் நாங்கள் நான்கு பேர் தர்மசாலா பக்கம் உள்ள கரேரி ஏரிக்குப் போகிறோம். உயரம் 2,934 மீட்டர். சொந்த டென்ட், மேலே இரண்டு ராத்திரி. டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போது பார்த்தால் அந்த வாரம் தினமும் மழை என்று காட்டுகிறது. என்னைத் தவிர மூன்று பேருக்கும் இது முதல் மலையேற்றம். போகலாமா?

ஈரமண்:
தாராளமாகப் போங்கள். அங்கே பருவமழை ஜூன் கடைசியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் பெய்வது பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வந்து ஓய்கிற மழை. விடிகாலையில் கிளம்பி ஒரு மணிக்குள் டென்ட் போட்டுவிடுங்கள். மழை விட்டு மேகம் விலகும்போது ஏரிக்குப் பின்னால் தவுலாதார் மலை பனியோடு எழுந்து நிற்கும். அதை நான் பார்த்ததே ஒரு மழை நாளில்தான்.

கல்லாறு:
முதல் முறை வருகிறவர்களை வைத்துக்கொண்டு வேண்டாம். எனக்குக் கவலை மழை இல்லை, நியூண்ட் ஓடை. பாதை அதை ஒட்டித்தான் ஏறுகிறது. மேலே மின்கியானி கணவாய்ப் பக்கம் பனி உருகும் காலம் வேறு. பகல் வெயிலில் உருகிய தண்ணீரும் மழையும் சாயங்காலம் சேர்ந்து இறங்கும். காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த இடத்தில் மாலையில் நிற்க முடியாது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருக்கும்போதே மேலே பெய்து வெள்ளம் வரலாம். 2021 ஜூலையில் தர்மசாலாவை ஒட்டிய பாக்சுநாக்கில் கார்கள் அடித்துப் போனதை எல்லோரும் பார்த்தோம். அதே நாட்களில் கரேரியிலும் உயிர் போனது.

ஈரமண்:
அது நடுப் பருவமழை. அதை ஜூன் தொடக்கத்துக்குச் சாட்சியாக வைப்பது நியாயமில்லை. வழியில் பாலங்களும் இருக்கின்றன.

கல்லாறு:
நான் போனபோது ஒரு பாலம் பாதி உடைந்து கிடந்தது. திரும்பிப் போக மனமில்லாமல் தண்ணீரில் இறங்கினோம். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்ற வேண்டும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. விழுந்திருந்தால் பை என்னை எழவிட்டிருக்காது.

தூறல்:
இரண்டு பேரும் குளிரை விட்டுவிட்டீர்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாக வந்தான். மூன்று மணி நேரம் நனைந்தான். பைக்கு மழை உறை போட்டிருந்தும் முதுகுப் பக்கமாகத் தண்ணீர் இறங்கி ஸ்லீப்பிங் பேக்கும் நனைந்துவிட்டது. முதலில் நடுங்கினான். அப்புறம் நடுக்கம் நின்று பேச்சு குழறியது. தேறிவிட்டான் என்று நினைத்தோம். உண்மையில் அதுதான் மோசமான கட்டம். உலர்ந்த துணி மாற்றி, இரண்டு பக்கமும் ஆள் படுத்துச் சூடேற்றினோம். பைக்குள்ளே கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் போட்டு, தூங்கும் துணியையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அதற்குள் வையுங்கள். அந்தத் துணியை நடக்கும்போது எக்காரணம் கொண்டும் போடாதீர்கள்.

ஈரமண்:
தூறல் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் தயாராகப் போவதற்கான காரணம், போகாமல் இருப்பதற்கு அல்ல.

கல்லாறு:
நடைவண்டி, திரும்பும் டிக்கெட் எப்போது?

நடைவண்டி:
ஏரியிலிருந்து இறங்குகிற அன்றே ராத்திரி பஸ், மறுநாள் டெல்லியில் விமானம்.

கல்லாறு:
சிக்கல் அங்கேதான். ஓடை பொங்கினால் தண்ணீர் வடியும் வரை இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று தண்ணீரில் இறங்கத்தான் தோன்றும்.

ஈரமண்:
இதில் கல்லாறு பக்கம்தான் நான். இரண்டு நாள் கையில் இல்லாமல் ஏறாதீர்கள்.

நடைவண்டி:
டிக்கெட்டை இரண்டு நாள் தள்ளிவிட்டேன். ஜீன்ஸ் எல்லாம் வெளியே எடுத்தாயிற்று. கரேரி கிராமத்தில் தங்கி, ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கேட்கிறோம். ஏறுவதா வேண்டாமா என்பதை அவர் காலையில் ஓடையைப் பார்த்துச் சொல்லட்டும்.

கல்லாறு:
அவர் வேண்டாம் என்றால் மறுபேச்சு வேண்டாம். நான் இன்னமும் செப்டம்பர் கடைசியைத்தான் சொல்வேன்.

ஈரமண்:
ஏறினால் கோயில் இருக்கும் மேட்டில் டென்ட் போடாதீர்கள், இடி விழும். தண்ணீர் ஓரத்திலும் வேண்டாம்.